தண்ணீருக்கு வில்லங்கம் பார்த்தீர்களா?

கிராமத்து வீடு ஒன்றின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான்கெல்லை இருக்கும். ஓட்டு வீடா, மச்சு வீடா என்று இருக்கும். மாவடை மரவடை இருக்கும். தென்னை எத்தனை, வேம்பு எத்தனை என்ற கணக்குகூடச் சில பத்திரங்களில் உண்டு. 'மேற்படி கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், மாமூல் நடைபாதை பாத்தியமும், மோட்டார் பம்புசெட்டும், அதன் மின் இணைப்பும், டெபாசிட் தொகையும்' என்று இணைப்பு எண்ணோடு எழுதியிருப்பார்கள். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ராஜாக்கள் காலத்து உரிமைகளும் வரிசை கட்டி வரும். இத்தனைக்கும் நடுவில், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதற்கு மட்டும் ஒரு வரி இருக்காது.

வாங்குபவரும் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துக் கருத்து கேட்பார். சர்வேயரை அழைத்து வந்து சங்கிலி பிடிப்பார். கிணற்றுக்கு வந்தால் எட்டிப் பார்த்து, ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டு, "கோடையில வத்துமா?" என்பார். "சித்திரையிலயும் பத்தடி நிக்கும் சார்" என்று பதில் வந்தால் அதோடு சரி. புதிதாக போர் போட வேண்டும் என்றால், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கும் நீரோட்டக்காரருக்குப் பணம் கொடுக்க யோசிக்க மாட்டார். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் தோன்றாது.

நகரத்தை விட்டு ஊர்ப்பக்கம் வீடு தேடுகிறவர்கள் கூடிவரும் காலம் இது. ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகப் போடுகிறவர்கள் அவர்களில் பலர். 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயை அரசுக்குக் கட்டுகிறோம். தரகர் கமிஷனும் பத்திரம் எழுதுபவர் கூலியும் தனி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் ஆய்வகம் வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தினால் யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சோதித்து அறிக்கை தருவார்கள். பதிவுச் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சில்லறைக் காசு. அட்வான்ஸ் கைமாறும் முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும். அறிக்கை பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும். அதைப் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா, டீ கறுக்குமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்விகளைக் குறைத்து மதிப்பிடவில்லை. பருப்பு வேகாவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் மறுநாள் செங்காவி படிந்தால் இரும்பு. நாக்கில் கரித்தால் உப்பு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் பொருக்கு எவ்வளவு தடிமன் என்று பார்த்தே ஊர்த் தண்ணீரின் லட்சணத்தைச் சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சோதனைகளில் சிக்குபவை பெரும்பாலும் தொல்லைகள்தான். ஃபுளோரைடுக்கு ருசி இல்லை. நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை. மலக்கிருமி கலந்த நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும்.

இப்போது எல்லோர் பையிலும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. பேனா அளவுக் கருவி. தண்ணீரில் நுனியைத் தோய்த்தால் எண் காட்டும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் இந்த மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. மீட்டரில் 350 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கலாம், ஈ-கோலை கிருமி நீந்திக்கொண்டும் இருக்கலாம். மீட்டருக்குத் தெரியாது. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் சேறாக மாறுவதைக் காட்டி மிரட்டுவார். அந்தச் சேற்றில் முக்கால்வாசி அவருடைய இரும்புக் கம்பி கரைந்ததுதான். அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு வீடு பார்க்க நண்பரோடு போயிருந்தேன். தோட்டத்தோடு கூடிய பழைய வீடு. தரகர் மோட்டாரைப் போட்டுவிட்டு, "600 அடி போர் சார், தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. வெயிலில் வந்தவர்களுக்கு அந்த வீட்டுப் பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "போர்த் தண்ணியாங்க ஆயா?" என்று நண்பர் கேட்டார். "இல்ல சாமி, இது ஒகேனக்கல் தண்ணி. போர்த் தண்ணி மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும். அதக் குடிச்சிதான் எனக்கு முட்டி மடங்காமப் போச்சு" என்றார் அவர், விலை பேசுகிற இடத்தில் இதைச் சொல்லக் கூடாது என்ற எண்ணமே இல்லாமல். தரகர் தென்னை மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டியின் மகன் சிரித்தபோது முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. பள்ளிக்கூடம் போகும் பேரனின் பற்கள் வெள்ளையாக இருந்தன.

அந்தப் பேரன் பிறந்தபோது குழாயில் காவிரி வந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரில் குடிநீரோடு 'ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியில் கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே ஃபுளோரைடு யாரும் கொட்டியதல்ல, பாறையிலிருந்து வருவது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் தண்ணீரில் பாறையின் தாதுக்கள் கரைகின்றன. திறந்த கிணறு வற்றி, போர் 200, 400, 600 என்று இறங்க இறங்க, நாம் உறிஞ்சுவது பழைய தண்ணீர். 'ஆழமான போர், அதனால் சுத்தமான தண்ணீர்' என்ற நம்பிக்கை கிருமி விஷயத்தில் ஓரளவு சரி. ஃபுளோரைடு விஷயத்தில் பல இடங்களில் தலைகீழ். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது தரம். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குப் பல்லில் கறை விழுந்தால் விழுந்ததுதான். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர். ஃபுளோரைடு பானையிலேயே நிற்கும், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக.

அந்தப் பாட்டி மாதிரி ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார். விற்பனைக்கு வரும் வீடுகள் பல வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தவை. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்.

பாறை செய்வதைவிட நாமே செய்துகொள்வது அதிகம். ஊர் ஓரங்களில் இப்போது விலைக்கு வருபவை பெரும்பாலும் மனைப்பிரிவு வீடுகள். அரை கிரவுண்டு, 30-க்கு 40 அடி. கழிவறைத் தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்கின்றன. 30-க்கு 40 மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நூல் பிடித்தால் சரியாக 50 அடி வரும். ஆக, ஒரு மூலையின் முனையில் போரும் எதிர்மூலையின் முனையில் செப்டிக் டேங்கும் இருந்தால் மட்டுமே விதியை மீறாமல் இருக்க முடியும். அப்போதும் பக்கத்து மனைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்பது நம் கையில் இல்லை.

அவர் என்ன செய்திருப்பார் என்பதை வாஸ்து சொல்லிவிடுகிறது. தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். ஒரு தெருவில் எல்லோரும் சாஸ்திரப்படியே கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வடகிழக்கு மூலையை ஒட்டியிருப்பது எது? கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை. என் போருக்கும் அவர் மலத்தொட்டிக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அவருடைய போருக்கு அடுத்த வீட்டுத் தொட்டி. தெரு முடியும் வரை இப்படியே. தெருவே ஒழுங்காக வாஸ்து பார்த்திருந்தால் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுக் கழிவைக் குடிக்க ஏற்பாடாகியிருக்கிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் நம் பக்கத்து மூலையை மட்டும் பார்க்காமல் சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதிலும் நாம் செப்டிக் டேங்க் என்று சொல்வது பல வீடுகளில் டேங்கே அல்ல. நாலைந்து சிமென்ட் உறைகளை இறக்கிய குழி. அடியில் பூசுவதில்லை. பூசாமல் விட்டால் சீக்கிரம் நிறையாது என்று மேஸ்திரியே யோசனை சொல்வார். "பத்து வருஷமா லாரியே கூப்பிடல சார்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பத்து வருடக் கழிவும் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் அந்தக் கழிவில் கிருமிகளை மண் ஓரளவு வடிகட்டும். நைட்ரேட்டை வடிகட்டாது. வயலில் போட்ட யூரியாவும் எருக்குழியின் சாறும் அதோடு சேர்ந்துகொள்ளும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது; இதற்குத் தளர்வே இல்லை. பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலந்து கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் 1945-லேயே பண்ணைவீட்டுக் கிணறுகளையும் இந்த நோயையும் தொடர்புபடுத்தி எழுதினார். பேரக் குழந்தைகள் விடுமுறைக்கு வந்து தங்கும் என்றுதானே பலர் கிராமத்தில் வீடு வாங்குகிறார்கள்?

கடற்கரையோரம் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் மிதக்கும் என்பது நிலத்தடிநீர் அறிவியலின் பழைய விதி. அதையே திருப்பிப் படித்தால், ஓரடி இறைத்துவிட்டால் உப்புநீர் 40 அடி மேலேறும். இன்றைய அறிக்கை சுத்தமாக இருந்தாலும், சுற்றிலும் இருபது பங்களாக்கள் வந்து ஆளுக்கொரு மோட்டார் போட்டால் அறிக்கை செல்லாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல் எவ்வளவு தூரம் நிலத்தடியில் உள்ளே வந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போர் ஆழத்தைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

ஆலைக் கழிவால் கெட்ட கிணறுகளைப் பற்றிப் பேசும்போது தொனியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றின் கரையில் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த கிணறுகள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை வளாகத்தில் கிடக்கும் குரோமியக் கழிவு மேடு. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே நஞ்சுக் குட்டையாக்கிய கதை. பாலாறு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே அறிவித்தது. திருப்பூரில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வீட்டுக்கு வீடு கிணறு. ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றில்லாத சுண்ணாம்புப் பாறைக் குடாநாடு. வாளியை இறக்கினால் கழிவெண்ணெய் வாடை. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-ல் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

தீர்ப்புகள் வந்தன. பாலாற்றங்கரையில் இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் அங்கே எத்தனை வீடுகள், எத்தனை கிணறுகள் கைமாறியிருக்கும்? ஒரு பத்திரத்திலாவது குரோமியம் என்ற சொல் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

சட்டம் இதைப் பற்றி மௌனமாகவும் இல்லை. 1882-ம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி. குடிக்க முடியாத கிணறு முக்கியமான குறை இல்லையென்றால் வேறு எது? ஆனால் வழக்கு என்று போனால் விற்றவரின் வக்கீலுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று, 'என் கட்சிக்காரருக்கே தெரியாது'. சோதித்தே பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, 'ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, வாங்குபவர் சாதாரண கவனம் எடுத்திருந்தால் சோதித்திருக்கலாமே'. இரண்டும் வலுவான வாதங்கள்தான். மனைப்பிரிவு போட்டு விற்பவர்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-வது பிரிவு இருக்கிறது. பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவர் ஈடு கேட்கலாம். பேருந்து நிலையச் சுவர்களில் 'சுவையான குடிநீர்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்கும் பழைய வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது.

அதனால்தான் சோதனையை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவான கடமையாக்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் இதை 2002-லிருந்து செய்துகொண்டிருக்கிறது. தனிக் கிணறு உள்ள வீட்டை விற்க வேண்டுமானால் தண்ணீரைச் சோதித்தாக வேண்டும். கிரயம் முடியும் முன் இருவரும் அறிக்கையைப் படித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். தண்ணீர் மோசமாக இருந்தால் விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சரிசெய்துதான் விற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. தெரிந்து வாங்கு என்கிறது, அவ்வளவே. வாடகைக்கு விடுகிறவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நம் பதிவுத்துறைக்கு இது எட்டாத காரியமில்லை. காலி மனையின் புகைப்படத்தைப் புவியியல் குறியீட்டோடு பத்திரத்தில் இணைக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் முதல் கேட்கிறார்களே. மனையின் முகத்தைக் காட்ட ஒரு படம் கேட்பவர்கள், வீட்டின் தண்ணீரைக் காட்டும் ஒரு தாளையும் கேட்கட்டும்.

அறிக்கை மோசமாக வந்தால் வீட்டைக் கைகழுவிவிட வேண்டுமா? அவசியமில்லை. எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிருமி என்றால் முதலில் அது வரும் வழியைத் தேட வேண்டும். திறந்த கிணறாக இருந்தால் கைப்பிடிச் சுவரும் சுற்றிலும் சிமென்ட் தளமும் இருக்கின்றனவா, மேலிருந்து 20 அடி வரையாவது உட்சுவரில் கசிவில்லாமல் பூசியிருக்கிறதா என்று பார்க்கலாம். போரில் பெரும்பாலும் கேசிங் குழாய்தான் குற்றவாளி. செலவை மிச்சம் பிடிக்கக் கேசிங்கைக் கெட்டிப் பாறையில் உட்காரவைக்காமல் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக நேரே இறங்கும். இவற்றைச் சரிசெய்த பிறகு குளோரின் போடலாம். கணக்கு எளிது. கிணற்றின் குறுக்களவு 3 மீட்டர், நிற்கும் தண்ணீர் 4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 70 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் எடுத்தது உதவாது, வீரியம் போயிருக்கும். வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி நன்றாக அலசிவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரவில் போட்டுக் காலையில் இறைப்பது இன்னும் சௌகரியம். தூளை அப்படியே மேலிருந்து தூவிவிட்டுப் போவது ஊருக்கு ஊர் நடக்கிறது. தண்ணீரின் மேல் வெள்ளையாக மிதப்பதைத் தவிர அதனால் பெரிய பலனில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டி தொடர்ந்து கசிந்துகொண்டிருந்தால் எத்தனை முறை குளோரின் போட்டும் பயனில்லை.

இரும்பும் கடினத்தன்மையும் செலவு பிடிக்கும் தொல்லைகள். வடிகட்டி வைத்துக் காலம் தள்ளலாம். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. இயந்திரமோ ஊராட்சிக் குழாயோ போதும். குளிக்க, துணி துவைக்க அந்தத் தண்ணீரால் கெடுதலில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீர் வெளியேறும், கெட்டது அத்தனையும் அதில்தான் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதை எங்கே விடுவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆலைக் கழிவோ கடல் உப்போ ஏறிய கிணறு என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், தண்ணீருக்கு வேறு வழி உறுதியாகும் வரை நான் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.

மாதிரி எடுப்பதிலும் கோட்டைவிடுகிறார்கள். மாடித் தொட்டியிலிருந்து பிடித்தால் சோதனைக்குப் போவது தொட்டியின் பாசி. கிணற்றிலிருந்து வரும் முதல் குழாயில் பிடிக்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் ஒரு மணி நேரமாவது மோட்டார் ஓடட்டும். ரசாயனச் சோதனைக்குப் புதிய பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அது ஆகாது. ஆய்வகத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். மழை முடியும் கார்த்திகையில் உப்புகள் நீர்த்துக் குறைவாகத் தெரியும், கிருமி கூடும், சித்திரையில் தலைகீழ். அவசரமில்லாதவர்கள் இரண்டு பருவத்திலும் பார்ப்பது உத்தமம். அவசரக்காரர்கள் அக்ரிமென்ட்டிலேயே ஒரு ஷரத்து சேர்க்கலாம்: தண்ணீர் அறிக்கை தரத்துக்குள் வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று. வில்லங்கம் ஏதும் வந்தால் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிறவர் இதற்கும் சம்மதிக்கலாமே.

சம்மதிக்க மாட்டார் என்பார்கள் தரகர்கள். "நீங்க ரிப்போர்ட் கேட்டா, கேக்காத பார்ட்டிக்கு முடிச்சிட்டுப் போயிடுவாங்க சார்." உண்மைதான். தனி ஒருவர் கேட்டால் வீடு கைநழுவும். எல்லோரும் கேட்டாக வேண்டும் என்று விதி வந்தால்தான் கேட்காத பார்ட்டி என்று ஒருவர் இருக்க மாட்டார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி தோல் ஆலை நடத்தவில்லை. தருமபுரிப் பாட்டி பாறைக்குள் ஃபுளோரைடு வைக்கவில்லை. கிணறு கெட்டதால் ஏற்கெனவே நொந்தவர், அறிக்கை இணைத்தால் பாதி விலைக்கு விற்க நேரும். அவர் தலையில் இன்னொரு கல்லா? நியாயமான கேள்வி. ஆனால் அறிக்கை இல்லாததால் அந்த நஷ்டம் மறைந்துவிடவில்லை. சத்தமில்லாமல் வாங்குபவரின் குடும்பத்துக்குக் கைமாறுகிறது. வாங்க வந்தவராவது விலகிப் போகலாம். விற்கவும் முடியாமல், வேறு குழாயும் இல்லாமல் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் தெருக்களுக்கு அந்த வசதியும் கிடையாது. ஆகவே சோதனைக் கட்டணம் பதிவுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கட்டும். அறிக்கையின் நகல் ஒன்று ஊராட்சிக்குப் போகட்டும். கிராம சபையில் படிக்கட்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி அளித்து, சோதனைப் பெட்டியும் தருவதாக ஏற்பாடு. அவர்களைத் தேடிப் போவதற்கும் அந்த நகல் ஒரு காரணமாகும்.

கைமாறும் ஒவ்வொரு கிணற்றுக்கும் சர்வே எண்ணோடு, தேதியோடு, ஓர் அறிக்கை சார்பதிவாளர் அலுவலகத்தில் சேரத் தொடங்கினால், எந்த ஊரில் எந்த வருடம் எது கூடியது என்பது அரசாங்கத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே ஏறிவிடும். ஆலை வருவதற்கு முன் அந்தக் கிணறு எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது, அதனால் நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பதற்கு விவசாயி சாட்சி தேடி அலைய வேண்டாம். இரண்டு பத்திரங்களின் நகலை மனுப்போட்டு வாங்கி இழப்பீட்டு மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.